கராச்சியில் ஒரு ஜாபிதா, டில்லியில் இரண்டு

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 26-ந் தேதி சர்க்கார் ஆபீசுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் எல்லோரையும் நிற்கவைத்து அரசியல் சட்டத்தின் முகவுரையை வாசிக்கச் செய்கிறார்கள். 1949-ம் வருஷம் அதே தேதியில்தான் அரசியல் நிர்ணய சபை அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. சமூக நீதி, பொருளாதார நீதி, அரசியல் நீதி என்று முகவுரை பேசுகிறது. நல்ல வாசகம். வாசிக்கட்டும்; நம்மவர்களும் சேர்ந்து வாசிக்கட்டும். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதிய மூன்று வருஷத்தில் நடந்த ஒரு முக்கியமான காரியத்தைப் பற்றி இந்தக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆலைத் தொழிலாளியின் வேலை நேரமும் வயல் கூலியும் ஒரே நாளில் குரல் வாக்கெடுப்பில் மாற்றக்கூடிய சங்கதிகளாக ஏன் இருக்கின்றன? மகாராஜாக்களின் மானியம் மட்டும் ஏறக்குறைய 22 வருஷம் அசைக்க முடியாத கல்லாக ஏன் இருந்தது? இரண்டுக்கும் விடை அந்தக் காரியத்தில்தான் இருக்கிறது.

கதை டில்லியில் ஆரம்பிக்கவில்லை, கராச்சியில் ஆரம்பிக்கிறது. 1931-ம் வருஷம் மார்ச் மாதம். பகத் சிங்கையும் அவருடைய இரு தோழர்களையும் லாகூர் சிறையில் தூக்கிலிட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து விவசாயி திண்டாடிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் கராச்சி நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சுயராஜ்யம் வந்தால் ஜனங்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்று ஒரு தீர்மானம் போட்டது. பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை அதில் இருந்தன. அதே தீர்மானத்தில், அதே மூச்சில், ஆலைத் தொழிலாளிக்கு வாழப் போதுமான கூலி, வரையறுத்த வேலை நேரம், முதுமையிலும் நோயிலும் வேலையில்லாத காலத்திலும் பாதுகாப்பு, பெண் தொழிலாளர்களுக்குப் பிரசவ விடுமுறை, விவசாயிக்கு வரியிலும் குத்தகையிலும் கணிசமான குறைப்பு, இவையும் இருந்தன. உப்புக்கு வரி கூடாது என்றது. சர்க்கார் உத்தியோகஸ்தர் எவருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்றது. ஆதாரத் தொழில்களைச் சர்க்கார் கையில் வைத்துக்கொள்ளும் என்றது.

பேச்சுரிமை வேறு, சோற்றுரிமை வேறு என்று கராச்சியில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஜாபிதா ஒன்றுதான். அந்த ஜாபிதாவை நம்பித்தான் மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் ஜனங்கள் கொடியைத் தூக்கினார்கள், தடியடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள்.

பதினாறு வருஷம் கழித்து டில்லியில் என்ன நடந்தது? அந்த ஜாபிதாவின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவை அடிப்படை உரிமைகள். அவற்றைப் பறித்தால் கோர்ட்டுக்குப் போகலாம். கோட்டுக்குக் கீழே இருப்பவை சர்க்காருக்கு வழிகாட்டும் கோட்பாடுகள். அவற்றைச் சர்க்கார் நிறைவேற்றாவிட்டால் எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. முதல் பங்கு சட்டத்தின் மூன்றாம் பாகமாயிற்று. இரண்டாம் பங்கு நான்காம் பாகமாயிற்று. வேலை பெறும் உரிமை 41-வது ஷரத்து, பிரசவ உதவி 42-வது ஷரத்து, வாழப் போதுமான கூலி 43-வது ஷரத்து. எல்லாம் நான்காம் பாகத்தில். அந்தப் பாகத்தின் வாசலிலேயே 37-வது ஷரத்து காவல் நிற்கிறது: இவை நாட்டின் ஆட்சிக்கு அடிப்படையானவை, ஆனால் எந்தக் கோர்ட்டும் இவற்றை அமல் நடத்தாது.

அப்படியானால் சொத்து எங்கே போயிற்று? அது மூன்றாம் பாகத்தில், 31-வது ஷரத்தாக, பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கோட்டைப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் கோடு போன திசை விளங்கும். 1946-ம் வருஷம் பிரிட்டிஷ் மந்திரிசபைத் தூதுக்குழு வகுத்த திட்டப்படி அரசியல் நிர்ணய சபைக்கு 389 இடங்கள். அதில் 93 இடங்கள் சமஸ்தானங்களுக்கு. மற்ற பிரதிநிதிகளை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை; பெரும்பாலும் மாகாணச் சட்டசபை அங்கத்தினர்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டசபைகளைத் தேர்ந்தெடுத்தவர்களோ, 1935-ம் வருஷத்துச் சட்டப்படி வரி கட்டியவர்கள், சொத்து வைத்திருந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். வயது வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே அந்த வாக்கு. பண்ணையாளுக்கு ஏது வரி ரசீது? கைநாட்டு வைத்த ஆலைத் தொழிலாளிக்கு ஏது சர்ட்டிபிகேட்? சுதந்திர இந்தியாவின் சட்டத்தை எழுதப் போனவர்களை அனுப்பியதில் அவர்களுக்குக் கை இல்லை.

கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் அந்தச் சபைக்குப் போனவர் ஒரே ஒருவர், வங்காளத்திலிருந்து சோம்நாத் லாகிரி. 1947 ஏப்ரலில் அடிப்படை உரிமைகளின் நகல் சபைக்கு வந்தபோது, இவற்றில் பல ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை போல் இருக்கின்றன என்று அவர் சபையில் எழுந்து சொன்னார். உரிமை ஒரு வரி, அதற்கு விதிவிலக்கு நாலு வரி என்று எழுதினால் வேறு எப்படிச் சொல்வது? பிரிவினை வந்ததும் வங்காளத்தின் இடங்கள் மாறின. அவருடைய இடமும் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் குரலும் சபையில் இல்லை.

1947 ஆகஸ்ட் 29-ந் தேதி நகல் கமிட்டி நியமிக்கப்பட்டது. ஏழு பேர். தலைவர் டாக்டர் அம்பேத்கர். சென்னை மாகாணத்திலிருந்து அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார் இருவரும், பிற்பாடு டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் அதில் இருந்தார்கள். வக்கீல்கள், பழைய திவான்கள், வர்த்தகப் பிரமுகர்கள். கமிட்டியில் ஒருவர் ராஜினாமா செய்தார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களுக்கு வேறு வேலை, முடிவில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று சபையிலேயே ஒப்புக்கொண்டவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. ஆனபடியால் சட்டம் முழுவதும் அம்பேத்கர் எண்ணியபடியே அமைந்தது என்று இன்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அம்பேத்கர் கேட்டதையும் சபை கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நகல் கமிட்டிக்குத் தலைவராவதற்கு முன், 1947-ம் வருஷத்தின் ஆரம்பத்தில், அம்பேத்கர் "ராஜ்யங்களும் சிறுபான்மையினரும்" என்ற தலைப்பில் ஒரு மனுவைத் தயாரித்துக் கொடுத்தார். அதில் உள்ளதை ஒவ்வொரு விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதாரத் தொழில்கள் சர்க்காருக்குச் சொந்தமாக வேண்டும். இன்ஷூரன்ஸ் சர்க்காரின் ஏகபோகமாக வேண்டும். விவசாயமும் சர்க்கார் தொழிலாக வேண்டும்: நிலம் முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அளவான பண்ணைகளாகப் பிரித்து, ஜாதி மத பேதமின்றிக் கிராமத்துக் குடும்பங்களிடம் சாகுபடிக்கு விட வேண்டும். எல்லோரும் கூட்டாக உழ வேண்டும். தண்ணீர், மாடு, ஏர் கலப்பை, எரு, விதை எல்லாவற்றுக்கும் சர்க்கார் முதல் போட வேண்டும். அதன் பிறகு நிலப்பிரபு என்று ஒருவன் இருக்கமாட்டான். குத்தகைக்காரன் என்று ஒருவன் இருக்கமாட்டான். நிலமற்ற கூலி என்றும் ஒருவன் இருக்கமாட்டான். பத்து வருஷத்துக்குள் இது அமலுக்கு வர வேண்டும்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இதைச் சாதாரணச் சட்டமாகப் போடு என்று அவர் கேட்கவில்லை. அரசியல் சட்டத்திலேயே எழுது என்றார். காரணத்தையும் சொன்னார்: சாதாரணச் சட்டத்தை இன்றைக்கு ஒரு மெஜாரிட்டி போடும், நாளைக்கு இன்னொரு மெஜாரிட்டி எடுத்துவிடும். அரசியல் சட்டத்தில் இருந்தால் அவ்வளவு சுலபமாகக் கை வைக்க முடியாது. சட்டத்தின் சூட்சுமம் தெரிந்தவர் சொன்ன வார்த்தை இது. சபை இதை ஏற்கவில்லை. ஆனால் இதே சூட்சுமத்தைத் தங்களுக்கு வேண்டியவர்கள் விஷயத்தில் சபையின் பெரியவர்கள் வெகு நன்றாகக் கையாண்டார்கள்.

291-வது ஷரத்தைப் பாருங்கள். சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த ராஜாக்களுக்கு வருஷாவருஷம் மானியம், வருமான வரி கிடையாது, அரசியல் சட்டமே உத்தரவாதம். ஹைதராபாத் நிஜாமுக்கு வருஷத்துக்கு 50 லட்சம் ரூபாய். மைசூர் மகாராஜாவுக்கு 26 லட்சம். 314-வது ஷரத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்களின் சம்பளமும் பென்ஷனும் குறையாது என்று உத்தரவாதம். இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். ஜனாதிபதிக்கு மாதம் 10,000 ரூபாய், கவர்னருக்கு 5,500. கராச்சியில் 500 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று கைதூக்கிய அதே மகாசபையின் பிரமுகர்கள்தான் இதற்கும் கைதூக்கினார்கள். தேச ஒற்றுமைக்கு இது தேவைப்பட்டது, வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று விளக்கம் சொன்னார்கள். கராச்சியில் கொடுத்தது வாக்கு இல்லையா?

சொத்து ஷரத்தின் மேல் நடந்த இழுபறி இதைவிடப் பெரிது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் அப்போது மாகாணங்களில் வந்துகொண்டிருந்தன. சென்னை மாகாணத்தில் 1948-லேயே வந்துவிட்டது. நிலத்தை எடுத்தால் நஷ்ட ஈடு எவ்வளவு, அதைக் கோர்ட்டில் கேள்வி கேட்கலாமா கூடாதா என்று சபையின் உள்ளேயும் வெளியேயும் நெடுநாள் பேரம் நடந்தது. கடைசியில் 1949 செப்டம்பரில் பண்டித நேரு ஒரு ராஜி வாசகத்தைக் கொண்டுவந்தார். பொதுவாக நஷ்ட ஈடு கொடுத்தே ஆக வேண்டும். ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கு மட்டும் தனிக் காப்பு.

அந்தக் காப்பு எத்தனை நாள் தாங்கிற்று? பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் சின்ன ஜமீனுக்கு நிகர வருமானத்தைப் போல் 20 மடங்கும், பெரிய ஜமீனுக்கு 3 மடங்கும் நஷ்ட ஈடு என்று படிப்படியாக வைத்திருந்தார்கள். நியாயமான ஏற்பாடு. தர்பங்கா மகாராஜா காமேஸ்வர் சிங் வழக்குப் போட்டார். இருப்பவனுக்குக் குறைவாகவும் இல்லாதவனுக்கு அதிகமாகவும் கொடுப்பது சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று 1951 மார்ச்சில் பாட்னா ஹைகோர்ட் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது! சமத்துவம் என்ற வார்த்தை மகாராஜாவுக்குப் பயன்பட்ட விதம் இது. அந்த மகாராஜா வேறு யாருமல்ல. சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலேயே ஓர் அங்கத்தினர்.

கோடு போடுவதைச் சபையில் யாரும் எதிர்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பீகாரிலிருந்து வந்த பேராசிரியர் கே. டி. ஷா விடாமல் திருத்தங்கள் கொண்டுவந்தார். வழிகாட்டும் கோட்பாடுகளைச் சர்க்காரைக் கட்டுப்படுத்தும் கடமைகளாக்குங்கள் என்று கேட்டார். பாங்கியில் பணம் இருக்கும்போது மாற்றிக்கொள் என்று எழுதிக்கொடுக்கும் செக் இது என்று கேலி செய்தார். அவருடைய திருத்தங்கள் தோற்றன. டி. டி. கிருஷ்ணமாச்சாரியே அந்தப் பாகத்தை உணர்ச்சிகளைப் போட்டு வைக்கும் குப்பைத் தொட்டி என்று சொன்னார். அம்பேத்கர் சபையின் முடிவுக்காக வாதாட வேண்டிய ஸ்தானத்தில் இருந்தார். ஆட்சிக்கு வருகிறவன் இவற்றை அலட்சியம் செய்தால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்காது, ஆனால் தேர்தலில் வாக்காளர் முன் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். அந்தப் பதிலில் அர்த்தம் இருக்கிறது. ஏனென்றால் சபை செய்த காரியங்களில் மிகப் பெரியது 326-வது ஷரத்து: வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு. சொத்துக் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை, ஜாதி கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. 1951-52 தேர்தலில் 17 கோடியே 30 லட்சம் பேர் வாக்காளர் ஜாபிதாவில் இருந்தார்கள். சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 152 தான் கிடைத்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62. பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார்.

தீண்டாமையை ஒழித்த 17-வது ஷரத்தும், கட்டாய உழைப்பைத் தடுத்த 23-வது ஷரத்தும் கோட்டுக்கு மேலேதான் எழுதப்பட்டன. சாணிப்பாலும் சாட்டையடியும் கண்ட தஞ்சைச் சேரிகளுக்கு அந்த இரண்டின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டம் முழுவதும் மோசடி என்று சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். உழைப்பாளி போராடி உள்ளே நுழைத்ததும் அதில் இருக்கிறது. உடைமைக்காரன் பேரம் பேசி நுழைத்ததும் இருக்கிறது. எது எது என்று அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நியாயமும் அநியாயமும் பின்னிக் கிடக்கின்றன. சபையின் சட்ட ஆலோசகர் பி. என். ராவ் 1947-ம் வருஷக் கடைசியில் அமெரிக்கா போய் அங்குள்ள பிரதம கோர்ட்டின் நீதிபதி பிராங்பர்ட்டரைச் சந்தித்தார். உயிரையும் சுதந்திரத்தையும் முறையான நியாயப்படியல்லாமல் பறிக்கக் கூடாது என்ற அமெரிக்க வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அந்த நீதிபதி எச்சரித்தார். காரணம் உண்டு. 1905-ல் நியூயார்க் ரொட்டிக் கிடங்குத் தொழிலாளிக்கு வாரம் 60 மணிக்கு மேல் வேலை கூடாது என்ற சட்டத்தை அதே வாசகத்தைக் காட்டித்தான் அமெரிக்க பிரதம கோர்ட் ரத்து செய்திருந்தது. முதலாளி மணிக்கணக்கில்லாமல் வேலை வாங்குவதும் சுதந்திரமாம்! ஆகவே நம் சட்டத்தின் 21-வது ஷரத்தில் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி என்று போட்டார்கள். தொழிலாளர் நலச் சட்டங்களைக் காப்பாற்றச் சொன்ன யோசனை அது. அதன் பலனை முதலில் அனுபவித்தவர்கள் யார் தெரியுமா? தொழிலாளர் தலைவர்களைச் சிறையில் அடைத்தவர்கள். விசாரணையில்லாமல் காவலில் வைக்க 22-வது ஷரத்து இடம் கொடுத்தது. குடியரசு பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் பாதுகாப்புக் கைதிச் சட்டம் வந்தது. சென்னைச் சிறையிலிருந்து ஏ. கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஒரு சட்டம் இருக்கிறது, அதன்படி நடந்திருக்கிறது, அவ்வளவு போதும் என்று 1950 மே 19-ந் தேதி பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்பே, குடியரசின் பதினேழாம் நாள், 1950 பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் சிறையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உயிருக்கும் 21-வது ஷரத்து இருந்தது.

1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. அதே சபைதான் தற்காலிகப் பார்லிமெண்ட் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரே திருத்தத்துக்கு இரண்டு முகம். ஒரு கையால் ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் வைத்துக் காத்தார்கள். அது நல்ல காரியம். இன்னொரு கையால் பேச்சுரிமைக்கு இன்னும் ஒரு பூட்டுப் போட்டார்கள். சென்னை சர்க்கார் தடை செய்த "கிராஸ் ரோட்ஸ்" வாரப் பத்திரிகையின் பக்கம் 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்ததல்லவா? அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அரசியல் நிர்ணய சபை சட்டம் எழுதிய அதே காலத்தில், அதே ஆட்கள், அதே கட்டடத்தில், சாதாரணச் சட்டசபையாகவும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1948-ல் அப்படி உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போட்டார்கள். விவசாயக் கூலியும் அதன் அட்டவணையில் இருந்தது. வாரம் 48 மணி என்று வரம்பு கட்டிய தொழிற்சாலைச் சட்டமும் அந்த வருஷம் வந்ததே. இ.எஸ்.ஐ. சட்டமும் அப்படியே. யுத்தம் முடிந்ததிலிருந்து நாடெங்கும் நடந்த வேலைநிறுத்தங்கள் சும்மா போகவில்லை. ஆனால் எந்த ஏட்டில் எழுதினார்கள் என்று பாருங்கள். ராஜாவின் மானியம் அரசியல் சட்டத்தில். தொழிலாளியின் மணிக்கணக்கு சாதாரணச் சட்டத்தில்.

ராஜாவின் மானியத்தை எடுக்க என்ன பாடுபட வேண்டியிருந்தது தெரியுமா? 1970-ல் மசோதா ராஜ்ய சபையில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக்கும் குறைவான பின்னத்தில் தோற்றது. ஜனாதிபதி உத்தரவு போட்டார். டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தேர்தல் நடந்து, பெரிய மெஜாரிட்டி வந்து, 1971-ம் வருஷக் கடைசியில் 26-வது திருத்தம் நிறைவேறிய பிறகுதான் மானியம் நின்றது. ஐ.சி.எஸ். உத்தரவாதம் 1972-ல் போயிற்று. சொத்துரிமை அடிப்படை உரிமை என்ற அந்தஸ்தை இழக்க 1978-ம் வருஷத்து 44-வது திருத்தம் வர வேண்டியிருந்தது.

தொழிலாளியின் சட்டங்களை எடுக்க என்ன தேவைப்பட்டது? 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நாலு தொகுப்பாக்கினார்கள். 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் ஒரு தொகுப்பு. மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்து வெளியே இருந்தபோது, ராஜ்ய சபையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. தொழிற்சாலைச் சட்டமும் அதில் அடங்கிற்று. மின்சாரம் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது பழைய கணக்கு. புதிய கணக்கு 20 பேர். கதவடைப்புக்கும் ஆட்குறைப்புக்கும் சர்க்கார் அனுமதி கேட்க வேண்டிய ஆலை 100 பேர் உள்ளது என்பது பழைய கணக்கு; புதிய கணக்கு 300 பேர். 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்ததாக அறிவித்தார்கள். அரசியல் சட்டத்தில் ஓர் எழுத்தைக் கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் பார்த்தோமே. 2023 ஏப்ரல் 21-ந் தேதி சட்டசபையில் ஒரு மசோதா. ஆலைகளில் நாளைக்கு 12 மணி வரை வேலை வாங்க வழி செய்தது. தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சங்கங்கள் கொடி பேதமில்லாமல் எழுந்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். தடுத்தது சங்கம். அரசியல் சட்டத்தின் 43-வது ஷரத்து அந்தப் பத்து நாளும் அலமாரியில்தான் இருந்தது.

வயல்காட்டுச் சங்கதி இன்னும் கசப்பானது. விவசாயமானாலும் தொழிலானாலும் வேறு எதுவானாலும் உழைக்கிற எல்லோருக்கும் வாழப் போதுமான கூலி என்று 43-வது ஷரத்து சொல்லுகிறது. அதை எழுதிப் பதினெட்டு வருஷம் ஆனபின், கீழத்தஞ்சையில் கூலி நெல் கூடுதலாகக் கேட்டு நின்றவர்களின் குடும்பங்களில் 44 உயிர்களை 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பிற்பாடு ஹைகோர்ட் விடுதலை செய்தது.

ஆனால் அந்தக் கோடு கல்லில் வெட்டியதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொத்து கோட்டுக்கு மேலேயிருந்து இறங்கியதைப் பார்த்தோம். கீழேயிருந்து மேலே ஏறியதும் உண்டு. குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி 45-வது ஷரத்தில், பத்து வருஷத்தில் செய்ய முயலுவோம் என்ற வாக்குறுதியாக 52 வருஷம் கிடந்தது. 2002-ல் திருத்தம் வந்து அது அடிப்படை உரிமையாயிற்று. 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் 23-வது ஷரத்து தடுக்கும் கட்டாய உழைப்புத்தான் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கையில் விலங்கு மாட்டினால்தான் கட்டாயமா, வயிற்றில் பசி இருந்தால் அதுவும் கட்டாயம்தான் என்று அந்தத் தீர்ப்பின் சாரத்தைச் சொல்லலாம். கூலிக் குறைப்பை எதிர்த்து நிற்கிற ஒவ்வொரு சங்கத்துக்கும் இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும். நம் அனுபவத்தில் பத்தில் ஒரு சங்கத்துக்குக் கூடத் தெரிவதில்லை. 41-வது ஷரத்தின் வேலை உரிமையோ, 55 வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டமாக வந்தது. அதுவும் சாதாரணச் சட்டமாகத்தான் வந்தது என்பதை மறக்கக் கூடாது.

வாழப் போதுமான கூலியும், வேலை உரிமையும், வரம்பு கட்டிய வேலை நேரமும் மூன்றாம் பாகத்துக்கு ஏற வேண்டும். கராச்சியில் ஒன்றாக இருந்த ஜாபிதா மறுபடி ஒன்றாக வேண்டும். கூலியை அடிப்படை உரிமையாக்கினால் சர்க்கார் திவாலாகிவிடும் என்பார்கள். ராஜாக்களுக்கும் ஐ.சி.எஸ்.காரர்களுக்கும் உத்தரவாதம் எழுதியபோது, கஜானாவில் பணம் இருந்தால் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

வருகிற நவம்பர் 26-ந் தேதி ஷிப்டு மாறும் நேரத்தில் ஒவ்வொரு மில் கேட்டிலும், வேலைக்கு இறங்குமுன் ஒவ்வொரு வயல் வரப்பிலும் முகவுரையை நாமும் வாசிப்போம். வாசித்து முடித்ததும் கலைய வேண்டாம். 43-வது ஷரத்தைத் தமிழில் உரக்க வாசியுங்கள். பிறகு 37-வது ஷரத்தை வாசியுங்கள். அதை நீக்க வேண்டும் என்ற மனுவில் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள், கைநாட்டும் செல்லும்.